மாண்ட்ரியலில் ஓர் எழுத்துப்பிழை

எனக்கு வந்த மின்னஞ்சலின் கீழே ‘அதிபர்’ என்று இருந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு, எந்த நாட்டு அதிபர் உங்களைக் கூப்பிடுகிறார் என்று கேட்டாள். இலங்கைத் தமிழில் பள்ளித் தலைமையாசிரியருக்கு அதிபர் என்று பெயர். மாண்ட்ரியலில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியின் அதிபர் அவர். பெயர் யோகேஸ்வரி. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கொஞ்சம் பேர் தமிழ்நாட்டுக் குடும்பத்தவர். எந்த நாட்டுப் பாடப்புத்தகத்தை வைத்துத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என்று இரு பக்கமும் முட்டிக்கொண்டு, பள்ளி இரண்டாக உடையும் நிலையில் இருந்தது.

நான் திருநெல்வேலியில் தமிழாசிரியன். தொடக்கப்பள்ளிப் பாடப்புத்தகம் எழுதும் குழுவில் சில ஆண்டுகள் இருந்தவன். டொரண்டோவில் தங்கை மகள் திருமணத்துக்கு வருகிறேன் என்று தெரிந்ததும், அப்படியே மாண்ட்ரியலுக்கும் வந்து, இரண்டு நாட்டுப் புத்தகங்களையும் ஒப்பிட்டு ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். இரு தரப்பும் என் பெயரை ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்தார் யோகேஸ்வரி. தமிழ்நாட்டுத் தரப்பு என்னை நம்மவர் என்று ஒத்துக்கொண்டது. யாழ்ப்பாணத் தரப்பு, வேறு யாரும் வரமாட்டார்கள் என்று ஒத்துக்கொண்டது. இதை நான் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

திருமணம் முடிந்து டொரண்டோவிலிருந்து பேருந்தில் கிளம்பினேன். கறுப்புப் பெட்டி ஒன்றில் இரு நாட்டுப் புத்தகங்களும் என் கம்பளிச் சட்டையும் இருந்தன. மாண்ட்ரியலில் இறங்கிப் பார்த்தால் பேருந்தின் வயிற்றில் கறுப்புப் பெட்டி இருந்தது, ஆனால் அது என்னுடையதல்ல. வழியில் இறங்கிய யாரோ தன்னுடையது என்று நினைத்து என் பெட்டியைக் கொண்டுபோய்விட்டார். அலுவலகப் பெண் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் வருத்தம் சொன்னாள். நான் யோகேஸ்வரிக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன்.

“பரவாயில்லை சேர். ஆறுதலா வாங்கோ. நாங்கள் வெளியிலதான் நிக்கிறம்” என்றார்.

பெட்டி தொலைந்தவனுக்கு ஆறுதல் சொல்கிறாரே, நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்பதுதான் அதற்குப் பொருள் என்று காரில் ஏறிய பிறகு அவர் கணவர் சிவம் விளக்கினார். ஐப்பசி முடியவில்லை, அதற்குள் காற்று காதைக் கடித்தது. சிவம் தன் மேலங்கியைக் கழற்றி எனக்குத் தந்தார். அது என் முழங்கால் வரை தொங்கியது.

அவர்கள் வீடு செயின்ட்-மிஷேலில், ஒரு மாடிக்கட்டடத்தின் இரண்டாம் தளத்தில். யோகேஸ்வரியை எல்லாரும் யோகா ரீச்சர் என்றே கூப்பிட்டார்கள். வார நாட்களில் ஒரு கார்தெரியில் வேலை. கார்தெரி என்றால் அங்கே குழந்தைகள் காப்பகம். நாள் முழுக்கச் சின்னக் குழந்தைகளோடு பிரெஞ்சில் பேசிவிட்டுச் சனிக்கிழமை தமிழுக்கு வருகிறார். அன்று இரவு பிட்டும் சொதியும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் வைத்தார். பிட்டை அள்ளிப் போட்டு “காணுமோ சேர்?” என்று கேட்டார். பெட்டியைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, “இன்னும் ஒரு தகவலும் இல்லைம்மா” என்றேன். சிவத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. போதுமா என்று கேட்டிருக்கிறார்.

அவர்கள் மகளுக்குப் பதினேழு வயது. பதினோராம் வகுப்போடு பள்ளியை முடித்துவிட்டு செஜெப் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் இருக்கிறாள். அதை முடித்துத்தான் பல்கலைக்கழகம். டொரண்டோவில் அவளுடைய வயதேயான பெரியம்மா மகள் இன்னும் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு. ஒரே நாடு, பக்கத்துப் பக்கத்து மாகாணம். இரண்டு சகோதரிகளும் தொலைபேசியில், என் மகள் கல்லூரிக்குப் போகிறாள், உன் மகள் இன்னும் பள்ளிக்கூடம் என்று வருடம் முழுக்க மல்லுக்கட்டினார்களாம். “கடைசியில ரெண்டு பேரும் ஒரே வயசிலதான் டிகிரி எடுக்கப் போகினம்” என்றார் சிவம்.

மறுநாள் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், தமிழ்நாட்டுத் தரப்பில் இருந்த ஹேமாவைப் பார்க்கப் போனேன். சண்டை அவரிடமிருந்துதான் தொடங்கியது என்று யோகா ரீச்சரே சொல்லியிருந்தார். மெட்ரோவில் ஏறி உட்கார்ந்தேன். ஒரு நிலையத்தில் ரயில் நின்று, பிரெஞ்சில் நீளமாக ஏதோ அறிவித்தார்கள். எல்லாரும் இறங்கினார்கள். நான் மட்டும் காலியான பெட்டியில், ஊரில் கிராசிங்குக்குக் காத்திருப்பது போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனைச் சீருடை அணிந்த ஒரு பெண் திரும்பி வந்து தோளைத் தட்டி, ரயில் இதற்கு மேல் போகாது என்று சைகையில் சொன்னாள். பிறகு பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்து ஏற்றிவிட்டாள்.

ஹேமா சென்னைக்காரர், கணினித் துறையில் வேலை. ஃபில்டர் காபி கொடுத்துவிட்டு, தன் மகன் அர்ஜுனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவனுக்கு எட்டு வயது. மாண்ட்ரியலுக்கு வந்ததும் சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டியிருந்தது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் வரவேற்பு வகுப்பில் முதலில் பிரெஞ்சு மட்டும் கற்றுக்கொடுத்து, பிறகு வழக்கமான வகுப்பில் விட்டார்கள்.

“சென்னைல எல்கேஜிலயே ரேங்க் போடுவாங்க சார். இங்க ரிப்போர்ட் கார்டுல பக்கம் பக்கமா எழுதுறாங்க, எங்கயும் எத்தனாவதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குறாங்க. மொதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு” என்றார்.

“அப்புறம் தமிழ்ப்பள்ளியில் என்ன ஆச்சு?”

“போன மாசம் கூட்டிட்டு வரப் போனேன். யோகா டீச்சர் எங்கிட்ட, உங்கட மகனுக்கு விளங்காது போலன்னு சொன்னாங்க. அவன் பக்கத்துலயே நிக்கிறான் சார். சின்னப் பையனப் பாத்து எப்படி அப்படிச் சொல்ல மனசு வருது? வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன். இன்னும் நாலு குடும்பம் இருக்காங்க. எல்லாரும் சேந்து தனியா கிளாஸ் ஆரம்பிச்சுக்கலாம்னு இருக்கோம்.”

விளங்காது என்றால் எங்கள் பக்கம் உருப்படாது என்று பொருள். ஒரு வீட்டைப் பார்த்து, ஒரு தொழிலைப் பார்த்து, பிள்ளையைப் பார்த்து அதைச் சொன்னால் சாபம் மாதிரி. எனக்கும் கோபம்தான் வந்தது. முந்தின நாள் இரண்டு முறை அசடு வழிந்தவனுக்கு அப்போதாவது பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

அன்று மாலை சமையலறையில் யோகா ரீச்சரிடம் எங்கள் ஊர்ப் பள்ளிமுறையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாநிலப் பாடத்திட்டம், மத்தியப் பாடத்திட்டம், ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமான புத்தகம் படிப்பது. இலங்கையில் தீவு முழுக்க ஒரே பாடத்திட்டம், ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் என்று ஓர் உதவித்தொகைப் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளைக்கு அது தேவையா என்று அங்கே பெற்றோர் சண்டை போடுகிறார்கள். மூன்றாவது மொழி தேவையா என்று தமிழ்நாட்டில் நாங்கள் சண்டை போடுகிறோம். அவர் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்கள் ரெண்டாவதாச் சொன்ன மத்தியப் பாடத்திட்டம் எனக்கு விளங்கேல்லை சேர். இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

அப்போதுதான் உறைத்தது. நான் ஹேமா சொன்னதையும், அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்பதையும் சொன்னேன். ரீச்சர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டார்.

“மகனுக்குப் பாடம் விளங்குறது கஷ்டம் போல கிடக்கு, வீட்டிலயும் ஒருக்காச் சொல்லிக்குடுங்கோ எண்டுதான் சொன்னனான். ஒரு பிள்ளையைப் பாத்து நான் அப்பிடிச் சொல்லுவனோ?” என்றார். பிறகு, “ஒரு மாசமா அந்தத் தாய் இதை நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஹேமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு விளக்கினேன். சண்டை அதோடு தீர்ந்தது என்றே நினைத்தேன். “புரியுது சார். நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன்” என்றார். “ஆனா ஒண்ணு கேக்குறேன். வீட்டுல அவன் வாய மூடவே மாட்டான். அந்தக் கிளாஸ்ல போன ஜனவரில இருந்து ஒரு வார்த்தை பேசல. அதுக்கு என்ன அர்த்தம்னும் நீங்க போய்ப் பாருங்க. நாளைக்கு மட்டும் அனுப்புறேன்.”

சனிக்கிழமை வகுப்பு செயின்ட்-மிஷேலில் ஒரு பள்ளிக்கூடத்தின் அறையில் நடந்தது. புத்தகமில்லாத நிபுணனாகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அர்ஜுன் ஜன்னலோரம் இருந்தான். பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசினார்கள், பிரெஞ்சில் சண்டை போட்டார்கள், ரீச்சர் திரும்பியதும் தமிழுக்கு மாறினார்கள். அர்ஜுன் பிரெஞ்சில் மட்டும் பக்கத்துப் பையனோடு குசுகுசுத்தான்.

ரீச்சர் சொல்வதெழுதல் கொடுத்தார். ‘நான் மொன்றியலில் வசிக்கிறேன். எங்கள் வீட்டுக்கு அருகில் ஒரு பூங்கா உண்டு.’ நான் எழுந்து பிள்ளைகளின் தாள்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். இலங்கையில் இந்த ஊரை மொன்றியல் என்று எழுதுவார்கள். நாங்கள் மாண்ட்ரியல் என்போம். டொரண்டோவை அவர்கள் ரொறன்ரோ என்பார்கள். இரண்டுமே, தமிழில் இல்லாத ஓர் ஒலியைத் தமிழ் எழுத்தில் பிடிக்கச் செய்த முயற்சிகள். இரண்டு நாட்டுப் பள்ளிக்கூடங்களும் ஆளுக்கொரு வழியில் பிடித்தன. அர்ஜுனின் பழைய தாள்களில் மாண்ட்ரியல் என்ற சொல்லின் மேல் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தது. டீ என்று எழுதியதிலும் கோடு. சோப்பு என்று எழுதியதில் கோடு போட்டு, சவர்க்காரம் என்று திருத்தியிருந்தது.

அன்றைய தாளில் அவன் எழுதியிருந்தது இது: ‘நான்’. அப்புறம் ஒரு வெற்றிடம். அப்புறம் ‘வசிக்கிறேன்’.

ரீச்சரும் வந்து பார்த்தார். “ஏன் அப்பன், ஊரின்ர பேர் தெரியாதோ?” என்று மெதுவாகக் கேட்டார். அவன் தாளை முழங்கையால் மூடிக்கொண்டான். ரீச்சர் சிவப்புப் பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, மணி அடிக்கும்வரை அதை எடுக்கவில்லை.

தமிழ் வகுப்புக்கு அறை தந்த அந்தப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வார நாட்களில் வரவேற்பு வகுப்பு எடுக்கும் மாரி-ஜோஸே என்ற ஆசிரியையை ரீச்சருக்குத் தெரியும். ஹெயிட்டியில் பிறந்தவர். திங்கட்கிழமை தன் வகுப்புக்கு ‘டின்னருக்கு’ வரும்படி எனக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பியிருந்தார். நான் குளித்து, சிவத்தின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். அந்தம்மாள் தாள் திருத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டின்னர் என்றால் மதியச் சாப்பாடு. மதியம் முழுக்கக் காத்திருந்துவிட்டு, என் பங்கை எடுத்து வைத்திருந்தார். சிவப்பு பீன்ஸ் கலந்த சோறும் வறுத்த வாழைக்காயும். சுடவைத்துத் தந்தார். வாழைக்காயைச் சாப்பிட்டபோது ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்று மறந்தது.

“பாரிஸிலிருந்து வரும் பிள்ளைக்கும் இதே கதைதான்” என்றார் ஆங்கிலத்தில். “இங்கே காலைச் சாப்பாட்டுக்குச் சொல்லும் சொல்லை அவன் மதியத்துக்குச் சொல்வான். முதல் நாளே பட்டினி கிடப்பான். நான் சின்னப் பிள்ளையாக ஹெயிட்டியிலிருந்து வந்தபோது, என் பிரெஞ்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது. நான் ஒரு குளிர்காலம் முழுக்க வாயைத் திறக்கவில்லை.”

“பிறகு எப்படிப் பேசினீர்கள்?”

“எப்படி என்று நினைவில்லை. யார் மேலோ கோபம் வந்திருக்கும்.”

தன் வகுப்பில் என்ன செய்கிறார் என்று கேட்டேன். பேச்சில் எல்லாச் சொல்லும் சரி, அரசுத் தேர்வில் மட்டும் இங்கே எழுதும் முறை என்று முதல் நாளே சொல்லிவிடுவாராம். “உங்கள் சனிக்கிழமைப் பள்ளிக்கு அரசுத் தேர்வு இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்படியென்றால் சிவப்பு மை எதற்கு?” என்றார். நான் வாழைக்காயைத் தின்றேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டி வந்தது. வழியில் இறங்கியவர் பெட்டிக்குள் தமிழ்ப் புத்தகங்களைப் பார்த்துத் திகைத்துப்போய்த் திருப்பி அனுப்பியிருக்கிறார். சாப்பாட்டு மேசையில் இரு நாட்டுப் புத்தகங்களையும் பரப்பினோம். எங்கள் தேர்வு அவர்களுக்குப் பரீட்சை. எங்கள் அறிவியல் அவர்களுக்கு விஞ்ஞானம். பரீட்சையில் தேறினால் சித்தி; எங்களுக்குச் சித்தி அம்மாவின் தங்கை. ரீச்சர் அதற்குச் சிரித்தார். ஆனால் பக்கங்களைப் புரட்டப் புரட்ட எனக்கு வேறொன்று உறுத்தியது. அவர்கள் புத்தகத்துப் பிள்ளை சந்தைக்குப் போய்த் தமிழில் பேசி மீன் வாங்குகிறது. எங்கள் புத்தகத்துப் பிள்ளை திருவிழாவுக்குப் போய்த் தமிழில் பேசிப் பலூன் வாங்குகிறது. இரண்டுமே, வாசலைத் தாண்டினால் தெருவெல்லாம் தமிழ் கேட்கும் பிள்ளைக்காக எழுதியவை. அந்தத் திருவிழாப் பாடத்தை எழுதியவன் நான்தான். குழுவில் எல்லாரும் பாராட்டிய பாடம்.

வியாழன் மாலை கூட்டம். பெற்றோர் இரண்டு பக்கமாகவே உட்கார்ந்தார்கள். டாக்ஸி ஓட்டும் ஒரு தகப்பன் எழுந்தார். “எங்கட பிள்ளையளுக்கு எங்கட தமிழ் வேணும் சேர். ஊரில இப்ப எங்கட வீட்டில ஒருத்தரும் இல்லை. இஞ்சயும் விட்டால் அந்தத் தமிழ் எங்க போய் இருக்கும்?” என்றார். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து ஒரு பொறியாளர், “நாளைக்கு எங்க பசங்க ஊருக்குப் போனா, தாத்தாவோட பேப்பரப் படிக்க முடியணும் சார். அவ்வளவுதான் கேக்குறோம்” என்றார். இருவரும் சொன்னதில் எதைத் தப்பு என்று சொல்வது?

நான் சொன்னேன்: “இரண்டு புத்தகமும் இந்தப் பிள்ளைகளுக்காக எழுதியவை அல்ல. நான் எழுதியதும்தான். ஆனால் சனிக்கிழமை வகுப்பு நடந்தாக வேண்டும். ஆசிரியர்களுக்குப் பழக்கமான இலங்கைப் புத்தகமே இருக்கட்டும். கதைகளை இரண்டிலிருந்தும் படியுங்கள். சொல்வதெழுதலில் மாண்ட்ரியலும் சரி, மொன்றியலும் சரி.”

இரண்டு பக்கமும் முதல் முறையாக ஒன்றுபட்டது, என் மேல் அதிருப்தியில். இதைச் சொல்லவா இத்தனை தூரம் கூப்பிட்டோம் என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

அப்போது யோகா ரீச்சர் எழுந்தார். ஹேமாவைப் பார்த்தே பேசினார். “நான் சொன்ன சொல்லு உங்களுக்கு வேற மாதிரிக் கேட்டது. அதை சேர் விளங்கப்படுத்திப்போட்டார். ஆனா உங்கட பிள்ளை என்ர வகுப்பில வாய் திறக்காமல் விட்டது, அது சொல்லால இல்லை. நான் சிவப்பு மையால கீறிக் கீறித்தான். இனிக் கீறமாட்டன்.” பிறகு கேட்டார்: “நீங்களும் வந்து என்னோட படிப்பிக்கிறீங்களோ? எனக்கு உங்கட சொல்லெல்லாம் தெரியாது. ஒராள் பக்கத்தில நிண்டால் நல்லம்.”

“எனக்கு டீச்சிங்லாம் தெரியாதுங்க” என்றார் ஹேமா.

“கார்தெரிக்கு நான் போகேக்க எனக்குப் பிரெஞ்சு தெரியாது.”

கூட்டம் கலைந்தது. பொறியாளரின் குடும்பமும் இன்னொரு குடும்பமும் விலகிக்கொள்வதாக வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். திரும்பும் வழியில் காரில் ரீச்சர், “போறவை போகட்டும் எண்டு விட ஏலாது. பேந்து ஒருக்காப் போய்க் கதைக்க வேணும்” என்றார்.

என் கடைசிச் சனிக்கிழமை மழை. வகுப்புக்குள் போனபோது கரும்பலகைக்குப் பக்கத்தில் ஹேமா நின்றிருந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒரு சாக்குக்கட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரீச்சர் மேசையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அர்ஜுன் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தான்.

திரும்பி வந்தபோது ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் கவின் என்ற யாழ்ப்பாணத்துப் பையன் உட்கார்ந்திருந்தான். அர்ஜுன் நின்று பார்த்தான். முகம் சிவந்தது.

“இது என் இடம்” என்றான். அவன் குரலைத் தமிழில் கேட்டு வகுப்பே திரும்பியது. “நான்தான் மொதல்ல வந்தேன். பேக் வெச்சிருக்கேன்ல?”

“பாக் வைச்சால் உன்ர கதிரையோ? நீ எழும்பிப் போனனீ தானே” என்றான் கவின்.

“தண்ணி குடிக்கத்தான போனேன். தண்ணி குடிக்கப் போனா எடம் போயிடுமா?”

“நான் வரேக்க ஒருத்தரும் இருக்கேல்லை.”

“பேக் இருந்துச்சுல்ல. அது கண்ணுக்குத் தெரியலயா உனக்கு? போன வாரமும் இப்படித்தான் பண்ண. நான் ஒண்ணும் சொல்லல. இந்த வாரம் சொல்லுவேன்.”

“சொல்லு. எனக்கென்ன?”

ஹேமா விலக்கிவிட ஓரடி முன்னே வைத்தார். யோகா ரீச்சர் அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். “கொஞ்சம் பொறுங்கோ” என்று காதோடு சொன்னார். “இன்னும் கொஞ்ச நேரம் சண்டை பிடிக்கட்டும்.”